வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்க அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "கூட்டத்துக்கு வா வான்னு கூப்பிடுறாங்க, படிக்காதவ நான் அங்க வந்து என்னத்தப் பேசப்போறேன்" என்றீர்கள். அதற்குள் லாரி வந்துவிட்டது. பதில் சொல்ல முடியாமல் போனது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காசிமேட்டில் உங்களைப் போல நினைக்கிற அம்மாக்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அதனால் எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன். பாப்பாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம் நினைவிருக்கிறதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நோட்டு, பை, செருப்பு என்று செலவு வந்து நிற்பதும் அந்த நேரத்தில்தான். யார் கையிலும் காசில்லை. பள்ளியில் வாலிபால் வலை நடுவில் கிழிந்து, பந்து உள்ளே புகுந்து போய்க்கொண்டிருந்தது. மாமா வலை ஊசியும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணுக்குக் கண் விரலால் அளந்து முடிச்சுப் போட்டார். பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசி நாலு கண்ணைத் தானே போட்டான். பி.டி. சார் கூலி கேட்டதற்கு, "நம்ம புள்ளைங்க ஆடுற வலைக்கு என்ன சார் கூலி" என்று எழுந்து வந்துவிட்டார். அந்த முடிச்சு இன்றைக்கும் அவிழவில்லை, போய்ப் பாருங்கள்.

காமராசர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊர் மக்களே பெஞ்சும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமா செய்தது அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் உட்காரப் படிப்பு வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் குழுவின் தலைவரே ஒரு பெற்றோர்தான். யாரோ தயவு பண்ணித் தரும் நாற்காலி இல்லை அக்கா, அது உங்களுடையது.

என்ன பேசுவது என்று கேட்டீர்களே. கழிவறைக் குழாயில் தண்ணீர் வராத நாளில் பாப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறாள் என்று என்னிடம் சொன்னீர்கள் அல்லவா, அதை அப்படியே அங்கே சொல்லுங்கள். ஆசிரியர்கள் கண்ணுக்கு அது வருகைப் பதிவேட்டில் அரைநாள் விடுப்பு மட்டும்தான். ஏன் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொன்னால் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம், அப்புறம் அடுத்த கூட்டத்தில் "என்ன ஆச்சு" என்று கேட்கலாம். பாப்பா மாதிரி இன்னும் எத்தனை பெண்பிள்ளைகள் அப்படிக் கிளம்பி வருகிறார்களோ.

விளையாட்டு விழா வேலையும் அன்றைக்கே பேசப்போகிறோம். மோர்ப் பானைக்கு ஆள் வேண்டும்.

மூன்று மணிக்குக் கூட்டம். அந்த நேரம் உங்களுக்குச் சிரமம் என்று தெரியும். மீன் மீந்திருந்தால் கூடையை எங்கள் வீட்டில் ஐஸ் போட்டு வைத்துவிடலாம். நான் கேட் பக்கத்திலேயே நிற்கிறேன், சேர்ந்தே உள்ளே போவோம்.

அன்புடன்,
பக்கத்துத் தெருத் தம்பி