அக்கரையில் ஒரு வோட்டு

அன்புள்ள குணா,

உன் கடிதத்துக்கு மூன்று மாசமாய்ப் பதில் போடவில்லை. கோபிக்காதே மச்சான். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். நீ இன்னும் அந்தப் பச்சைச் சட்டையைத்தான் போட்டுத் திரிகிறாயாம், மாலா சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு அம்மா, ரைன் ஆற்றுக்கு அக்கரையில் லுஸ்டெனாவிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவர். ஆஸ்திரியாக்காரி, ஆனால் கதைத்தால் இந்தப் பக்கத்து ஆள் மாதிரியே இருக்கும். போன கிழமை தேநீர் நேரத்தில், "என் பூட்டனார் உங்கள் சுவிஸோடு சேர வோட்டுப் போட்டவர்" என்றார். எனக்குக் கோப்பை கையிலேயே நின்றுவிட்டது.

உண்மைதான், குணா. முதல் உலகப் போர் முடிந்து, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்து, சனம் பட்டினி கிடந்த காலம். அந்த ஊர் வாத்தியார் ஃபெர்டினாண்ட் ரீட்மன் முன்னின்று இயக்கம் நடத்தினார். 1919 மே 11 அன்று லுஸ்டெனா இருக்கும் ஃபோரார்ல்பெர்க் மாநிலமே வோட்டுப் போட்டது. நூற்றுக்கு 80 பேருக்கு மேல் 'ஆம்'. கேள்வியும் சின்னதுதான்: சுவிஸோடு சேரப் பேச்சுவார்த்தை தொடங்கலாமா? அவ்வளவே.

வியன்னா விட மனமில்லாமல் இருந்தது. சுவிஸிலோ, ஜெர்மன் பேசும் கத்தோலிக்கர் இத்தனை பேர் வந்து சேர்ந்தால் பிரெஞ்சுக்காரருக்கும் புரொட்டஸ்தாந்துக்காரருக்கும் கணக்குக் குழம்பும் என்ற பயம். ஆதரவாகப் பேசிய சுவிஸ் அமைச்சர் கலோண்டராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. செப்டம்பரில், போரில் வென்ற நாடுகள் ஆஸ்திரியாவோடு செய்த சென் ஜெர்மேன் ஒப்பந்தம் அவர்களை ஆஸ்திரியாவிலேயே வைத்துவிட்டது. அப்புறம் அந்த மாநிலத்துக்கு வந்த பட்டப்பெயர், 'மிச்சமான கன்டோன்'. கன்டோன் என்றால் சுவிஸின் மாநிலம். அதைச் சொல்லும்போது அந்த அம்மா சிரிக்கவில்லை.

குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நான் தபால்பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்த்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். நான் ஒருத்தன் காத்திருந்ததே அப்படி. ஒரு மாநிலமே கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தது எப்படி இருந்திருக்கும்? நேற்றிரவும் அதே யோசனைதான், நித்திரை வரவில்லை.

வரைபடத்தில் எல்லைக்கோடு போடும்போது பென்சிலை அழுத்தாதே என்று சிவம் மாஸ்டர் சொல்லுவாரே. இதை அவருக்குச் சொல்லவேண்டும். அவருடைய நம்பர் உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு.

அன்புடன்,
தேவன்