உதிரிபாகம் வாங்கும் முன்: பழைய புல்வெட்டி வண்டிகளின் எஞ்சின் கோளாறு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்குக் கார்புரேட்டர் வேண்டும், செல்ஃப் மோட்டார் வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம் பொருளை எடுத்துக் கொடுப்பதற்கு முன் நாங்கள் பல கேள்விகள் கேட்கிறோம். அது சிலருக்குச் சலிப்பைத் தருகிறது என்பதை அறிவோம். அதற்கான காரணத்தை விளக்கவே இம்மடல். பல ஆண்டுகள் உழைத்த எஞ்சினில் பழுது ஒரு பாகத்திலும் அதன் அறிகுறி வேறொரு பாகத்திலுமாக இருப்பது வழக்கம். எஞ்சின் எப்போது நிற்கிறது, நிற்கும்போது என்ன செய்கிறது என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னால், தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுப்பதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பெட்ரோல் தொடர்பான வேலையைத் திறந்த வெளியில், சைலன்சர் நன்றாக ஆறிய பிறகே செய்யுங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடவே வேண்டாம்.

சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால், எர்த் கம்பி சட்டத்தோடு சேரும் போல்ட்டைக் கழற்றி, அங்கே பிடித்திருக்கும் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பழைய வண்டிகளில் இந்த இணைப்பு கெட்டிருப்பது மிகச் சாதாரணம். ஒலியே இல்லாவிட்டால் ஃபியூஸ், இருக்கைக்குக் கீழுள்ள சுவிட்ச், பிரேக் மிதியின் சுவிட்ச், கத்தியை இயக்கும் சுவிட்ச் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு சுவிட்சுகளை இரண்டு வயர்களைச் சேர்த்து முறுக்கி ஒதுக்கிவிடாதீர்கள். ஓட்டுபவர் எழுந்ததும் கத்தி நிற்பது அவற்றால்தான்.

நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒரு கோளாறு உண்டு. எஞ்சின் அரைச் சுற்று சுற்றி, எதிலோ முட்டியதுபோல நின்று, மறுபடி முயன்றால் மறுபடி அதே இடத்தில் நிற்கும். இதைப் பார்த்தவுடன் பேட்டரியையும், அதன் பிறகு செல்ஃப் மோட்டாரையும் மாற்றிவிட்டு, அப்படியும் சரியாகாமல் வருபவர்கள் உண்டு. மேல்வால்வு கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில், ஸ்டார்ட் செய்யும் வேளையில் மட்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலுள்ள ஒரு சிறு அமைப்பு வால்வை மிகக் கொஞ்சமாகத் தூக்கி, கம்ப்ரஷனில் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தத்தில்) ஒரு பகுதியை வெளியேற்றுகிறது. செல்ஃப் மோட்டார் எளிதாகச் சுற்றுவது அதனால்தான். தேய்மானத்தால் வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடிவிட்டால், அந்தச் சிறு தூக்கல் இடைவெளியிலேயே வீணாகி வால்வைச் சென்று சேராமல் போகிறது. முழு அழுத்தமும் செல்ஃப் மோட்டாரை எதிர்த்து நிற்கிறது. பரவலாகப் புழங்கும் பல எஞ்சின்களில் உள்வால்வுக்கு (பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுவது) 0.003 முதல் 0.005 அங்குலமும், வெளிவால்வுக்கு (புகையை வெளியேற்றுவது) 0.005 முதல் 0.007 அங்குலமும் இடைவெளி இருக்க வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கால் அங்குலம் இறக்கி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். கேஜ் தளர்வாக ஆடினால் காரணம் கிடைத்துவிட்டது. ஸ்பேனர் பிடித்துப் பழகிய எவரும் இதை ஒரு பாகமும் வாங்காமல் சரிசெய்துகொள்ளலாம்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெட்ரோல் வரவில்லையா, ஸ்பார்க் வரவில்லையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சி, ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் ஓரிரு நொடி ஓடி நின்றால் ஸ்பார்க் இருக்கிறது, குறை பெட்ரோலில்தான். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் புளித்த வார்னிஷ் வாடை வீசும்; எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். அதை முழுவதும் வடித்துவிட்டு பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோலை அளவாக விடும் ஜெட்டின் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அடைப்பை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் பயன்படாது. கிண்ணத்தின் அடியில் வயர் பொருத்திய சாலினாய்டு (மின்சாரத்தால் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் பாகம்) இருந்தால், சாவியைத் திருப்பும்போது அது ‘கிளிக்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்த பிறகே அதைக் குறை சொல்ல வேண்டும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு நின்றுபோகும் வண்டிக்கு, நின்ற அந்தக் கணமே முக்கியம். உடனே டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், எஞ்சினும் மறுபடி ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி இல்லையென்றால் எஞ்சின் ஆறுவதற்கு முன்பே ஸ்பார்க் டெஸ்டரால் சோதியுங்கள். சூட்டில் ஸ்பார்க் மறைந்து, ஆறியதும் திரும்பினால் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மீது சந்தேகம் கொள்ளலாம். ஆனாலும் காயில் வாங்குவதற்கு முன், அதிலிருந்து சாவிக்குச் செல்லும் மெல்லிய வயரைச் சோதனைக்காக மட்டும் கழற்றிப் பாருங்கள். ஸ்பார்க் திரும்பிவிட்டால் காயில் நல்லது. எங்கோ தோல் உரிந்த வயரோ சுவிட்சோதான் அதை எர்த் செய்கிறது. அந்த வயர் இல்லாமல் சாவியால் எஞ்சினை அணைக்க முடியாது என்பதால், சோதனை முடிந்ததும் கட்டாயம் திரும்ப மாட்டிவிடுங்கள்.

எஞ்சின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்து, சோக்கைப் பாதி இழுத்தால் சீராகிறது என்றால் பெட்ரோல் குறைவாகப் போகிறது. சிறு ஜெட்டின் அடைப்பையும், கார்புரேட்டருக்குப் பின்னாலுள்ள கேஸ்கெட்டில் காற்றுக் கசிவையும் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் அளவைச் சரிபாருங்கள். அளவு கூடியிருந்து ஆயிலில் பெட்ரோல் வாடையும் அடித்தால், கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி மூடாமல் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். ஊசியைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் புகை தொடர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அதை எங்களிடம் விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகு எங்களிடம் வரும்போது, வண்டியின் பெயரை மட்டும் குறித்துவராமல், எஞ்சினின் மேல்மூடியிலோ வால்வு மூடியிலோ பொறித்திருக்கும் மாடல், டைப், கோட் (code) எண்கள் மூன்றையும் படமெடுத்து வாருங்கள். ஒரே வண்டியில் வெவ்வேறு எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருப்பதுண்டு. கழற்றிய ஸ்பார்க் பிளக்கையும் துடைக்காமல் கொண்டுவாருங்கள். அதன் முனை கரி படிந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்பதைப் பார்த்தே எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
பழுதுபார்க்கும் பிரிவினர்