குளத்தோரம் சாகும் மான்கள்

ஆசிரியருக்கு,

கோடையில் வற்றிய குளத்தோரம் நாலைந்து மான்கள் செத்துக் கிடந்தால் போதும், 'தண்ணீரில் விஷமா?', 'தாகத்தால் மான்கள் பலி' என்று தலைப்பு வந்துவிடுகிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தாகத்தில் சாகிற மான் தண்ணீருக்குள் படுத்தபடியே ஏன் சாகவேண்டும் என்று யாராவது கேட்க வேண்டாமா?

ஈ.எச்.டி. (Epizootic Hemorrhagic Disease) என்று மான்களைத் தாக்கும் ஒரு வைரஸ் ரத்தக்கசிவு நோய் இருக்கிறது. 1955-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வெள்ளைவால் மான்கள் கூட்டமாகச் செத்தபோதுதான் இது தனி நோய் என்று தெரியவந்தது. ஆடு வளர்ப்பவர்கள் அறிந்த நீலநாக்கு நோயின் வைரஸுக்கு இது நெருங்கிய சொந்தம். பரப்புவது கியூலிகாய்ட்ஸ் என்ற கடிக்கும் பூச்சி, கொசுவைவிடப் பொடிசு. குளம் வற்றும்போது கரையில் தெரிகிற சேறு இருக்கிறதே, விலங்குகள் மிதித்துக் குழப்பி சாணமும் கலந்த கருஞ்சேறு, அதில்தான் இது பெருகுகிறது. வெயில் ஏற ஏற பூச்சிக்குள் வைரஸும் வேகமாகப் பெருகும், மிச்சமிருக்கிற தண்ணீரைத் தேடி மான்களும் அங்கேயே வந்து கூடும். அமெரிக்காவில் கடும் வறட்சி கண்ட 2012-ல் மான்கள் பெருமளவில் செத்தது இப்படித்தான். 2022-ல் இத்தாலி, ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள்ளும் வந்துவிட்டது, அங்கே மாடுகளைப் படுத்துகிறது.

கடிபட்டு ஒரு வாரம்போல மானுக்கு எதுவும் தெரியாது. அப்புறம் கடும் காய்ச்சல், அந்தச் சூடு தாங்காமல்தான் தண்ணீரில் போய் இறங்குகிறது, பல மான்கள் ஒன்றரை நாளுக்குள் செத்துவிடுகின்றன. நாக்கு வீங்கி நீலம் பாரித்திருக்கும், மூக்கில் நுரை தள்ளியிருக்கும், ஆனால் விலா எலும்பு துருத்தாது, உடம்பு நல்ல சதைப்பிடிப்போடு இருக்கும். இதைப் பார்த்தாலே பட்டினிச் சாவு இல்லை என்று புரிந்துவிடும். பிழைத்த மான்களின் குளம்பில் பிறகு வெடிப்பு தெரியும்.

மனிதர்களுக்கு இது தொற்றாது, தொட்டுப் பழகுவதால் மானுக்கு மானும் பரவாது. ஆனால் காட்டு மான்களைப் பிடித்துப் போட உருப்படியான தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. குளிர் நாடுகளில் உறைபனி விழுந்து பூச்சி அழிந்தால்தான் அடங்குகிறது. இது தெரியாமல் பூச்சியைக் கொல்கிறேன் என்று குளத்தில் மருந்தைக் கொட்டக் கிளம்பினால் மீனும் தவளையும் சாகும், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மற்ற விலங்குகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

எது நோய், எது விஷம் என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும், அதற்கு உடல் அழுகியிருக்கக் கூடாது. வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே மாதிரி வீணாகிவிடும். ஆகவே செத்த மானைப் பார்ப்பவர்கள் படம் எடுத்துப் பரப்புவதற்கு முன் அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லட்டும். உங்கள் நிருபர்களும் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது, நாக்கு எப்படி இருந்தது, உடம்பு மெலிந்திருந்ததா, மாதிரி எடுத்தார்களா என்ற மூன்றையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்