ஓய்வு பெற்ற பிறகு இரவு ஷிஃப்ட்

ஆனேக்கல்,
மே 16

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, மும்முனை மின்சாரம். மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் குழாயைத் திருகித் தண்ணீர் பிடிக்கிறவனுக்கு இது விளங்காது என்பதால் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் ஒருமுனை போதும். அது பெரும்பாலும் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குத்தான் மும்முனை வேண்டும். பாசனத்துக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் என்று கணக்கு. அதுவும் இரண்டாக உடைந்து, இந்த மாதம் பாதி பகலிலும் பாதி நள்ளிரவு தாண்டியும் வருகிறது. கர்நாடகத்தில் பத்துக் குதிரைத்திறன் வரையுள்ள விவசாய பம்புக்குக் கட்டணம் கிடையாது. காசு வாங்காமல் வருகிறவரிடம் நேரம் காலம் கேட்க முடியுமா?

தானாக ஓடும் ஸ்டார்ட்டர் இருக்கிறதே என்பாய். வாங்கி மாட்டியிருக்கிறேன், மே மாதம் முழுவதும் அதை அணைத்தும் வைத்திருக்கிறேன். கிணறு 900 அடி. இந்தக் கோடையில் நாற்பது நிமிடம் ஓடினால் போதும், குழாய் இருமத் தொடங்கிவிடும். பாதி தண்ணீர், பாதி காற்று. அந்தச் சத்தம் கேட்டவுடன் நிறுத்தி, ஊற்று ஊறும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றியுள்ள தண்ணீர்தான் மோட்டாரைக் குளிர வைக்கிறது. அது இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். போன வருடம் கருகியது. மேலே தூக்கி, புதிதாகக் கம்பி சுற்றி, திரும்ப இறக்கியதில் ஒரு வருட மாம்பழக் காசு போயிற்று. ஆகவே தினமும் இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து, ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்து, பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு, நாற்காலி போட்டுக் குழாயின் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தொழிற்சாலையில் எனக்கு இரவு ஷிஃப்ட் விழும்போதெல்லாம் ஏதாவது பொய் சொல்லி உன் தலையில் கட்டுவேனே, நினைவிருக்கிறதா? இப்போது கட்டுவதற்குத் தலை இல்லை.

இரவில் வெளியே போவது உன் தங்கைக்குப் பிடிக்கவில்லை. பன்னேர்கட்டா காடு பக்கம். பலா கனிந்து மணம் கிளம்பினால் யானை மோப்பம் பிடித்து வந்துவிடும் என்று இங்கே பலரும் காயாகவே இறக்கிவிடுகிறார்கள். நாங்களும் ஒன்றுகூட விடாமல் இறக்கியாயிற்று. ஆனாலும் தினமும் கையில் டார்ச்சைத் திணித்துத்தான் அனுப்புகிறாள். டார்ச்சைப் பார்த்து யானை வழி விடுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அந்த டார்ச்சுக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. மோட்டார் அறை மூலையில் ஒரு கருங்கோழி பதினோரு முட்டைகளின் மேல் அடை உட்கார்ந்திருக்கிறது. ஏழாம் நாள் இரவு, கொத்து வாங்கிக்கொண்டே ஒவ்வொரு முட்டையாக எடுத்து, டார்ச்சின் வாயில் பொருத்திப் பார்த்தேன். முட்டை முழுவதும் செந்நிறமாக ஒளிர்ந்தது. உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய நரம்புகள், நடுவில் மிளகளவு ஒரு கரும்புள்ளி, அது அசைந்தது! நண்பா, அறுபத்தாறு வயதில் அதிகாலை இரண்டு மணிக்கு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை, நல்லவேளை. இரண்டு முட்டைகளில் ஒன்றுமே தெரியவில்லை, எடுத்துவிட்டேன். இன்று பதினான்காம் நாள். இன்னும் ஒரு வாரம். ஒரு நாளைக்கு ஒரே முறை எழுந்து, தின்று, குடித்து, புழுதியில் புரண்டுவிட்டுக் கோழி ஓடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு ஆள் மாற்ற யாரும் இல்லை.

மாம்பழம் பற்றிக் கேட்டிருந்தாய். உங்கள் அல்போன்சோ பெருமையை என்னிடம் அளக்காதே. அதே பழம் இங்கே பாதாமி என்ற பெயரில் கிடைக்கிறது. என் கட்சி ரஸ்புரி. அது நறுக்கித் தின்கிற பழம் இல்லை. உள்ளங்கையில் உருட்டிக் கசக்கி, காம்புப் பக்கம் கிள்ளிவிட்டு உறிஞ்ச வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அம்மா அதன் சாற்றில் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துச் சீகரணே செய்யக் கற்றுக்கொடுத்தார். பூரிக்குத் தொட்டுக்கொண்டால் கணக்கு மறந்துவிடுகிறது.

பழ ஈதான் பகையாளி. பெண் ஈ தோலில் துளையிட்டு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே பழம் தங்கம்போல் இருக்கும், பிளந்தால் புழு நெளியும். அதற்காக மெத்தில் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய மரக்கட்டையைப் புட்டிக்குள் தொங்கவிட்டு மரத்துக்கு மரம் கட்டியிருக்கிறேன். அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள்தான் மயங்கி வந்து சாகின்றன. உன் தங்கை புட்டியைப் பார்த்துவிட்டு, "புத்தி அவ்வளவுதான்" என்றாள். ஈக்களைத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரே ஒரு நல்ல மழை. விட்டுவிடாமல் கேழ்வரகு நிலத்தை உழுது போட்டேன். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். தங்கத்தை இப்போது காற்று அள்ளிக்கொண்டு போய்த் திண்ணையில் கொட்டுகிறது. விதைப்பு ஜூலையில்தான். அணில்கள் தாகத்துக்குச் சொட்டுநீர்க் குழாயைக் கடித்து வைக்கின்றன. வேலியோரம் இரண்டு மண்சட்டிகளில் தண்ணீர் வைத்த பிறகு ஓட்டைகள் குறைந்திருக்கின்றன, நின்றுவிடவில்லை.

வெயில் கடுமைதான். 2016 ஏப்ரலில் பெங்களூரு 39.2 டிகிரியைப் பார்த்ததே, அந்த அளவுக்கு இல்லை. அல்சூரில் நாம் விசிறியே இல்லாமல் வளர்ந்தோம் என்று பேரனிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறான்.

முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாயா? உன்னை எனக்குத் தெரியும். உத்யான் எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கைக்கு டிக்கெட் எடு. ஜூன் 10க்குள் வந்துவிடு, அதற்குப் பிறகு ரஸ்புரிக்கு நான் பொறுப்பில்லை. மோட்டார் அறையில் இரண்டாவது நாற்காலி போட்டாயிற்று. முதல் மூன்று இரவுகள் உன் ஷிஃப்ட். பழைய பாக்கியைப் பற்றிப் பேச்செடுக்காதே.

உன்,
அல்சூர்க்காரன்