அந்த நட்சத்திரக் குறியை முன்பக்கம் கொண்டுவாருங்கள்

கொழுப்பு கரைக்கும் மாத்திரைகளைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றுக்கு விளம்பரம் எழுதுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

உங்கள் டப்பா ஒன்று இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் டப்பா என்று சொல்லப் போவதில்லை. பெயரை மட்டும் மறைத்துவிட்டால் உங்களில் பாதிப்பேருக்கு அது தன்னுடையதா, அடுத்தவருடையதா என்று தெரியாது. முன்பக்கம் ஒரு நெருப்புப் படம். 'கொழுப்பைக் கரைக்கிறது' என்று கட்டைவிரல் பருமனில் எழுத்து. அந்த எழுத்தின் தோளில் எறும்பு உட்கார்ந்ததுபோல ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு விளக்கம் தேடி டப்பாவைத் திருப்பினால், பின்பக்கம், ஒட்டுத்தாள் மடியும் இடத்தில், 'முறையான உணவு, உடற்பயிற்சியுடன் சேர்த்து எடுத்துக்கொள்ளும்போது மட்டும்' என்று இருக்கிறது. என் மூக்குக்கண்ணாடி அதற்குப் போதவில்லை. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வரியை முன்பக்கம் கொண்டுவாருங்கள். வாக்குறுதி எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, நிபந்தனையும் அதே அளவில் இருக்கட்டும்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னதும், நானும் அவளும் தினமும் சாயங்காலம் நாற்பது நிமிடம் நடக்க ஆரம்பித்தோம். ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்தாள், இனிப்பைக் குறைத்தாள். நாலு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. பெரிய சாதனை என்று யாரும் கைதட்டவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்குவது நின்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் டப்பா வீட்டுக்குள் வந்தது. முதல் வாரம் இரண்டையும் செய்தாள். இரண்டாவது வாரம் ஒரு நாள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், உள்ளேயிருந்து குரல் வருகிறது: "இன்னைக்கு ஒரு நாள் விடுடி. அதான் மாத்திரை போடுறேன்ல."

அந்த 'அதான்' என்ற சொல்லைத்தான் நீங்கள் விற்கிறீர்கள். மாத்திரை போடுறேன்ல, அதான் நடக்கலை. மாத்திரை போடுறேன்ல, அதான் இன்னொரு கரண்டி. இதற்காக அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். மனித மனம் அப்படித்தான் கணக்குப் போடும் என்று ஆராய்ச்சியே செய்து பார்த்திருக்கிறார்கள். 2011-இல் தைவான் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், கலந்துகொண்ட எல்லோருக்கும் கொடுத்தது சத்தில்லாத வெற்று மாத்திரை. ஒரு பாதியினரிடம் மட்டும் அதை வைட்டமின் மாத்திரை என்று சொன்னார்கள். வைட்டமின் சாப்பிட்டதாக நம்பியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக நடந்தார்கள். உடம்புக்கு நல்ல சாப்பாட்டை விட்டு ருசியான விருந்தின் பக்கம் கை நீட்டினார்கள். மாத்திரைக்குள் ஒன்றுமே இல்லாதபோதே இப்படி.

உங்கள் மாத்திரைக்குள் ஏதோ இருந்தது. ஒரு மாதத்தில் அக்காவின் தூக்கம் போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "படபடன்னு அடிக்குது, தொட்டுப் பாரு" என்பாள். மருத்துவரிடம் போனோம். அவர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில கஃபீன் எவ்வளவு இருக்கு?"

எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். கஃபீன், குவாரனா, பச்சைத் தேயிலைச் சாரம், இன்னும் ஆறு பெயர்கள். எல்லாம் சேர்ந்து 'பிரத்தியேகக் கலவை'. மொத்த எடை மட்டும் உண்டு. எது எவ்வளவு என்று கிடையாது. முதல் மூன்று பெயரிலும், காப்பியில் தூக்கத்தை விரட்டுகிற அதே கஃபீன் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பொதுவாகத் தொந்தரவு இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. அக்கா தினம் மூன்று மாத்திரை போட்டாள், மேலே வழக்கமான காப்பி வேறு. அவள் 300-இல் இருந்தாளா, 900-இல் இருந்தாளா? படித்த மருத்துவரும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

டப்பாவில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். இருபது நிமிடம் இசை கேட்டபிறகு ஒரு தம்பி மிகப் பணிவாகச் சொன்னார்: "அது கம்பெனி ரகசியம் மேடம்." சரி, எடை ஏன் குறையவில்லை என்று கேட்டேன். மூன்று மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. அவர் பணிவு கொஞ்சமும் குறையாமல் சொன்னார்: "முறையான உணவு, உடற்பயிற்சியோட சேர்த்து எடுத்தாதான் மேடம் பலன் தெரியும்."

நிபந்தனை உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கிறது! பணம் வாங்கும்போது முன்பக்கத்து எழுத்து, பதில் சொல்லும்போது பின்பக்கத்து எழுத்து.

சரி, கூட்டலைக் கொஞ்சம் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரிச் சேமிப்பு. சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் ஒருவர் தினம் முந்நூறு கலோரி மிச்சம் பிடித்தால், ஒரு கிலோ கரைய மூன்று, நாலு வாரம் ஆகும். நிஜத்தில் உடம்பு அதற்கும் முட்டுக்கட்டை போடும். கஃபீன் எரிப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, மறுக்கவில்லை. அதுவும் உடம்பு பழகும்வரைதான். பச்சைத் தேயிலைச் சாரத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2012-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சாரம் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இடையே வித்தியாசம் 0.04 கிலோ. நாற்பது கிராம்! ஒரு கைக்குட்டையை வைத்துவிட்டு எடைக்கருவியில் ஏறினால் கிட்டத்தட்ட அது கிடைத்துவிடும்.

உங்களில் பலர் சேர்க்கும் கார்சீனியா கம்போஜியா, அதாவது குடம்புளிச் சாரம், அதன் கதை இதைவிட வேடிக்கை. 1998-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த ஆய்வு அது. 135 பேர், பன்னிரண்டு வாரம், எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடான உணவு. கார்சீனியா சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. புள்ளியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றார்கள். அப்படியென்றால் குறைத்தது எது? அந்தக் கட்டுப்பாடான உணவு. உங்கள் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எல்லா வேலையையும் செய்வதும் அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் நட்சத்திரத்தில் மறைக்கிறீர்கள்.

தூக்கத்தை வேறு பறித்தீர்களே, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பத்துப் பேரை இரண்டு வாரம் எட்டரை மணி நேரப் படுக்கையிலும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரப் படுக்கையிலும் வைத்தார்கள். உணவுக் கட்டுப்பாடு இரண்டு முறையும் ஒன்றே. எடை இரண்டு முறையும் சுமார் மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது குறைந்ததில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோ மட்டும். மிச்சத்தில் பெரும்பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதி. கொழுப்பைக் கரைக்கிறேன் என்று வந்து தூக்கத்தைக் கெடுக்கிற மாத்திரை யார் பக்கம் வேலை செய்கிறது?

'கரைப்பது' என்ற சொல்லே தப்பு, அது இருக்கட்டும். கொழுப்பு எங்கேயும் கரைந்து ஓடுவதில்லை. பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியே போகிறது, மீதி தண்ணீராகிறது. வியர்வை சொட்டச் சொட்ட நிற்கும் உங்கள் விளம்பர மாடல் பாவம், வீணாக வியர்க்கிறார்.

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'முன்பு', 'பின்பு' படங்கள். முன்பு படத்தில் மட்டும் ஏன் எல்லோரும் சோகமாக இருக்கிறார்கள்? வயிறு உள்ளே போனதும் வெளிச்சமும் சேர்ந்து நன்றாகிவிடுகிறதே, அதற்கும் மாத்திரைதான் காரணமா? அப்புறம் 'நூறு சதவீதம் இயற்கை'. எடைக்குறைப்பு மாத்திரைகளில் சேர்த்த எஃபெட்ரா என்ற மூலிகையும் இயற்கைதான், மாரடைப்பும் பக்கவாதமும் வருகிறது என்று அமெரிக்காவில் 2004-இல் அதைத் தடை செய்தார்கள். இயற்கை என்று எழுதிய டப்பாக்களுக்குள் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தது சிபுட்ரமின். இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் சந்தையிலிருந்தே விலக்கிய மருந்து அது. 2007 முதல் 2016 வரை கலப்படம் என்று அந்த நிர்வாகம் எச்சரித்த எடைக்குறைப்புப் பொருள்கள் 317. அவற்றில் 269-இல் சிபுட்ரமின். உண்மையில் வேலை செய்யும் மாத்திரை ஒன்று கிடைத்தால் அதற்குள் மருந்து ஒளிந்திருக்குமோ என்று பயப்பட வேண்டிய நிலைமை. நல்ல வியாபாரம்.

கோபம் கொஞ்சம் எல்லை மீறுகிறது. மன்னியுங்கள். நீங்கள் எல்லோரும் கலப்படக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. சத்துக் குறைபாடு இருப்பவருக்கு மருத்துவர் எழுதித் தரும் இரும்புச்சத்தையோ வைட்டமினையோ நான் குறை சொல்லவும் இல்லை. அவை இல்லாததை நிரப்புகின்றன. நடக்காத நடையை எந்த மாத்திரையும் நிரப்பியதில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2002-இல் முடிவு வந்தது. வாரம் 150 நிமிட நடை, உணவுக் கட்டுப்பாடு, உடல் எடையில் ஏழு சதவீதம் குறைக்கும் இலக்கு. இவ்வளவுதான் ஒரு குழுவுக்கு. இன்னொரு குழுவுக்கு மெட்ஃபார்மின், சோதித்து நிரூபித்த நிஜமான மருந்து. வெற்று மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால் சர்க்கரை நோய் வருவதை மருந்து 31 சதவீதம் குறைத்தது. நடையும் உணவும் 58 சதவீதம் குறைத்தன. என் அக்கா எந்தக் குழுவில் இருந்தாள், உங்கள் டப்பா அவளை எதிலிருந்து வெளியே இழுத்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பணிவாகவே மறுபடியும் கேட்கிறேன். 'முறையான உணவும் உடற்பயிற்சியும் இல்லாமல் இது பலன் தராது' என்ற வரியை, உங்கள் தொலைபேசித் தம்பி எனக்குச் சொன்ன அதே தெளிவோடு, முன்பக்கத்தில், நெருப்புப் படத்துக்குப் பக்கத்திலேயே, கட்டைவிரல் பருமனில் அச்சிடுங்கள். விற்பனை குறையும் என்றால், இத்தனை நாள் எதை விற்றீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அப்படியே கலவையில் எது எவ்வளவு என்பதையும் எழுதிவிட்டால் உபகாரமாக இருக்கும்.

அக்கா மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. தூக்கம் பாதி திரும்பியிருக்கிறது. நேற்று சாயங்காலம் இருபது நிமிடம் நடந்தோம். பழைய நாற்பது இன்னும் வரவில்லை. டப்பாவில் முப்பத்தொரு மாத்திரை மிச்சம். வருகிற வியாழக்கிழமை மருத்துவரிடம் போகிறோம். அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பார். அதற்குள் கஃபீன் எவ்வளவு என்ற கணக்கை அனுப்பிவைத்தால் நன்றி உடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்த தங்கை