தொட்டியில் வளரும் புல்

லீத், எடின்பரோ
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

ஏழு மாசமாகப் பதில் போடவில்லை. வேலை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று எதையாவது எழுதலாம். பொய் என்று நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். சோம்பல்தான். மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. மணிவண்ணன் கல்யாணத்துக்கு நீ வராமல் போனதோடு கணக்கு நேர். அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? இங்கே எல்லோரும் சுகம். குடையைத் திரும்ப வாங்கிவிட்டேன், கவலைப்படாதே.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு தொட்டி. மேல்வீட்டுப் பெரியவர் போன வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எண்பத்து மூன்று வயதில் மூன்று மாடி ஏற முடியவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கதவைத் தட்டி, ஒரு மண்தொட்டியை என் கையில் திணித்தார். செடி இல்லை, பூ இல்லை, வெறும் புல். இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். "தண்ணீர் அதிகம் வேண்டாம், வெயில் முக்கியம்" என்றார். எடின்பரோவில் வெயில்! அது எந்த ஊர்ப் புல் என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னோடு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

நீ கிளாஸ்கோவில் டென்னிஸ்டூனில் இருந்த அந்த இரண்டு வருஷத்தில் உன் வீட்டுக்காரர் உன்னை செல்டிக் ஃபுட்பால் கிளப்பின் மைதானமான செல்டிக் பார்க்குக்கு அழைத்துப் போய்ப் போய் மதம் மாற்றிவிட்டார். திருச்சி வெயிலிலும் அந்தப் பச்சை வெள்ளைக் கோடு போட்ட பனியனைக் கழற்றுவதில்லை என்று மாலதி போனில் புலம்பினாள். இரண்டுமே ஐரிஷ்காரர்கள் தொடங்கிய கிளப்புகள் என்றாலும், நான் இங்கே வந்து ஹிப்ஸ், அதாவது எடின்பரோவின் ஹைபர்னியன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றதும் நீ என்ன சொன்னாய்? "உங்களுக்குப் பெயரில்தான் அயர்லாந்து. பெட்டியைத் திறந்தால் காலி. நாங்கள் இன்னும் கொடியோடு நிற்கிறோம்." எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அதனால்தான் உன் இட்லி மாவைக் குறை சொல்லிப் பேச்சை மாற்றினேன். இப்போது கொஞ்சம் தெரியும். பெரியவர் பக்கத்தில் இரண்டு சீசன் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மனைவி இறந்தபின் காலியாகக் கிடந்த இருக்கை. அதை என் பெயருக்கு எடுக்கச் சொன்னவர் அவர்தான்.

எங்கள் மைதானம் ஈஸ்டர் ரோடு உன் அறுபதாயிரம் பேர் கோட்டை இல்லை. இருபதாயிரம் பேர் உட்காரலாம். ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் ஆர்தர்ஸ் சீட் மலை தெரியும். ஆட்டம் சகிக்காத நாட்களில் நான் மலையைத்தான் பார்ப்பேன். இந்த மைதானம் 2000 வரைக்கும் சரிவாக இருந்ததாம், ஒரு கோல் முனை ஆளுயரம் தாழ்வு. பெரியவருக்கு அதைச் சமன் செய்ததில் இன்னும் வருத்தம். இரண்டாவது பாதியில் பந்து தானாக உருண்டு போய் கோல் விழும் என்று அடித்துச் சொல்வார். சைவக்காரன் என்று தெரிந்ததும் எனக்கு மக்கரோனி பை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். மாவுக்குள் மாவு. சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, சிரிக்காதே.

சரி, பாக்கிக்கு வருகிறேன். யார் மூத்தவர்? நாங்கள். 1875. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்கள் எடின்பரோவில் அடைந்து கிடந்த இடம் கௌகேட். இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள், நடுவே பள்ளத்தில் தெரு, மேலே பாலங்கள். பாலத்தில் போகிற துரைகளுக்குக் கீழே இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே புனித பாட்ரிக் கோயிலில் எட்வர்ட் ஹேனன் என்கிற லிமெரிக் பாதிரியார் இளைஞர் சங்கம் நடத்தினார். அந்தச் சங்கத்துப் பையன்கள் சேர்ந்து போட்ட டீம்தான் ஹைபர்னியன். ஹைபர்னியா என்றால் ரோமானியர்கள் அயர்லாந்துக்கு வைத்த பெயர். மைக்கேல் வீலஹான் முதல் கேப்டன். சேர்த்துக்கொள் என்று போய் நின்றால் ஸ்காட்டிஷ் ஃபுட்பால் சங்கம், இது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கான சங்கம் என்று கதவைச் சாத்தியது. பல பேர் இந்த ஊரிலேயே வளர்ந்தவர்கள், யோசித்துப் பார். உள்ளே விடுவதற்குள் அலைய வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று மெடோஸ் புல்வெளியில் இதே ஊரின் இன்னொரு கிளப்பான ஹார்ட்ஸோடு மோதி ஒரு கோலில் தோற்றார்கள். ஹார்ட்ஸிடம் தோற்கும் வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1887-இல் டம்பார்ட்டனை 2-1 என்று அடித்து ஸ்காட்டிஷ் கோப்பையை வாங்கினார்கள். கிழக்குக் கரைக்கு முதல் முதலாகக் கோப்பை வந்தது அப்போதுதான். வெற்றி விருந்து எங்கே தெரியுமா? உங்கள் கிளாஸ்கோவில், கால்ட்டனில், புனித மேரி கோயில் ஹாலில். அங்கிருந்த ஐரிஷ்காரர்களைப் பார்த்து, நீங்களும் இப்படி ஒன்று ஆரம்பியுங்களேன் என்று உசுப்பிவிட்டவர் எங்கள் செயலாளர். அதே வருஷம் நவம்பரில், அதே ஹாலில், சகோதரர் வால்ஃப்ரிட் என்கிற ஐரிஷ் துறவி செல்டிக்கைத் தொடங்கினார். பசித்த பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட நிதி திரட்டத்தான் கிளப்பே. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சோறு போடுவதற்காகப் பிறந்த கிளப் உலகத்தில் எத்தனை இருக்கும்? பத்தே வருஷத்தில் லிமிடெட் கம்பெனி ஆகிவிட்டது, அது வேறு கதை.

ஆனால் டீம்? அதற்கு ஆள்? வில்லி க்ரோவ்ஸ், மெக்கியோன், மெக்லாரன் என்று வரிசையாக எங்கள் ஆட்டக்காரர்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். சம்பளம் வாங்கி ஆடுவது ஸ்காட்லாந்தில் சட்டப்படி 1893-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஆறேழு பேர் கிளாஸ்கோ காற்று நன்றாக இருக்கிறது என்றா போயிருப்பார்கள்? வீட்டுக்கு விருந்துக்கு வந்தவனே பாத்திரத்தோடு போன கதை. 1891-இல் ஹேனன் இறந்தார், கிளப்பும் விழுந்தது. நிலத்தின் குத்தகையும் போயிற்று. கொஞ்ச காலம் ஹிப்ஸ் என்று ஒன்றே இல்லை.

திரும்ப எழுந்தபோது ஒன்றை விட்டுவிட்டு எழுந்தார்கள். கத்தோலிக்கர்தான் ஆடலாம் என்ற விதி அதற்கப்புறம் இல்லை. நீ பெட்டி காலி என்று சொன்னாயே, அந்தப் பெட்டியைத் திறந்து வைத்த வருஷம் அது. உங்கள் செல்டிக்கில் அப்படியொரு விதி வரவேயில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1967-இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜாக் ஸ்டீனே புராட்டஸ்டன்ட்தான். ஆக, ஆளைச் சேர்ப்பதில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நீங்கள் அடையாளத்தைக் கூரைமேல் பறக்கவிட்டீர்கள், நாங்கள் சட்டைக்குள் வைத்துக்கொண்டோம். இதுதான் என் பதில் என்று சந்தோஷமாக இருந்தேன்.

அந்தச் சந்தோஷம் 1952-ஐப் பற்றிப் படிக்கிற வரைக்கும்தான். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், ஏனென்றால் நீ ஆயுசுக்கும் விடமாட்டாய். செல்டிக் பார்க்கில் பறக்கிற ஐரிஷ் கொடியை இறக்கு என்று ஸ்காட்டிஷ் சங்கம் கிளப்பின் கழுத்தைப் பிடித்த வருஷம் அது. உங்கள் தலைவர் ராபர்ட் கெல்லி முடியாது என்று நின்றார். இறக்கச் சொல்லி முன்னால் நின்ற சங்கத்தின் தற்காலிகத் தலைவர் யார் தெரியுமா? ஹாரி ஸ்வான். ஹைபர்னியன் கிளப்பின் சேர்மன். உங்கள் பக்கம் நின்றது யார்? உங்கள் பரம எதிரியான கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ்! வசூல் போய்விடும் என்ற பயம் என்பார்கள், ஆனாலும் நின்றார்கள். அயர்லாந்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட கிளப்பின் தலைவர், அயர்லாந்தின் கொடியை இறக்கு என்கிறார். அதே ஸ்வான் காலத்தில்தான் ஹிப்ஸ் மூன்று முறை லீக் ஜெயித்தது, பிரிட்டனிலிருந்து முதல் கிளப்பாக ஐரோப்பியக் கோப்பை ஆடப் போனது, எல்லாம். அதே காலத்தில்தான் எங்கள் மைதானத்துச் சுவரிலிருந்த அயர்லாந்தின் யாழ்ச் சின்னமும் காணாமல் போனது என்பார் பெரியவர். படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஃபுட்பால் கிளப்புக்காக இந்த வயதில் வெட்கப்படுவேன் என்று நினைத்ததில்லை.

பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் கொள்ளுத்தாத்தா மேயோவிலிருந்து வந்தவர். பெரியவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூட அயர்லாந்து போனதில்லை. கப்பல் பட்டறை வேலை, லீத்தே உலகம். அவர் கோபப்படவில்லை. மறுநாள் என்னை பஸ்ஸில் கௌகேட்டுக்கு அழைத்துப் போனார். இப்போது அங்கே முழுக்க பார்களும் கிளப்புகளும், சனிக்கிழமை ராத்திரி போனால் நம் ஹாஸ்டல் கடைசி நாள் மாதிரி இருக்கும். ஜார்ஜ் பாலத்தின் அடியில், ஈரம் கசிகிற சுவரில் ஒரு சின்னப் பலகை. ஜேம்ஸ் கனாலி அந்தத் தெருவில் பிறந்தவர், 1868-இல். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 டப்ளின் எழுச்சிக்காக, காயத்தோடு நிற்கக்கூட முடியாதவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்களே, அவர்தான். சின்ன வயதில் ஹிப்ஸ் பைத்தியம். பெரியவர் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றார், திரும்பப் போட்டுக்கொண்டார், டீ குடிக்கலாமா என்றார். அவ்வளவுதான் அவருடைய பதில்.

யாழ் திரும்ப வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000-இல் போட்ட புதுச் சின்னத்தில் அயர்லாந்தின் யாழ், லீத்தின் கப்பல், எடின்பரோவின் கோட்டை மூன்றும் இருக்கின்றன. என் மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் சட்டையில் யாழைக் காட்டி, இது என் பெயர் என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அச்சு லீத் உச்சரிப்பில். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். நாலு தலைமுறை கழித்து இவள் பேத்திக்கு என்ன மிஞ்சும் என்று சில ராத்திரி தோன்றுகிறது. விடு, இதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது தொட்டி. 1902-இல் ஸ்காட்டிஷ் கோப்பை வாங்கியதற்கப்புறம் ஹிப்ஸுக்கு அது கிடைக்கவே இல்லை. 114 வருஷம். ஹார்ட்ஸ்காரர்கள் இதை வைத்துப் பாட்டே கட்டினார்கள். 2016 மே 21, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் இறுதி ஆட்டம், எதிரே ரேஞ்சர்ஸ். பத்து நிமிஷம் பாக்கி இருக்கும்போது 2-1 என்று பின்தங்கியிருந்தோம். ஒரு கார்னர், ஸ்டோக்ஸ் தலையால் முட்டி சமன். தொண்ணூறு நிமிஷம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிஷங்களில் இன்னொரு கார்னர், கேப்டன் டேவிட் கிரே முட்டினார், 3-2. பெரியவர் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றுவிடுவார். இப்போது கவனி. முதல் கோலும் ஸ்டோக்ஸ்தான். டப்ளின்காரர், செல்டிக்கிலிருந்து கடனாக வந்தவர். அந்த இரண்டு கார்னரையும் அடித்தவர் லியம் ஹெண்டர்சன். அவரும் செல்டிக்கிலிருந்து கடன். பயிற்சியாளர் ஸ்டப்ஸ்கூட உங்கள் பழைய ஆள். 1888-இல் எடுத்துக்கொண்டு போனதை 128 வருஷம் கழித்து வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். பாக்கி தீர்ந்தது. இனி உன் வீட்டுக்காரரைப் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவேன்.

விசில் ஊதியதும் ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. கோல் கம்பம் உடைந்தது, சண்டை நடந்தது, பெருமைப்பட ஒன்றுமில்லை. நம் பெரியவர், எழுபதைத் தாண்டிய மனிதர், உள்ளே போய்ச் சாவிக்கொத்தால் தோண்டி ஒரு பிடி புல்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறியிருக்கிறார். வீட்டில் மனைவி முதலில் திட்டினாராம், அப்புறம் அவரே தொட்டி எடுத்துக்கொடுத்தாராம். 1892-இல் உங்கள் புது மைதானத்துக்கு ஐரிஷ் தலைவர் மைக்கேல் டேவிட், அயர்லாந்தின் டோனகலிலிருந்து கொண்டுவந்த, அவர்கள் சின்னமான ஷாம்ராக் இலை பதித்த முதல் புல்பத்தையை நட, சீக்கிரமே எவனோ பெயர்த்துக்கொண்டு போனான் அல்லவா? அவன் பேரன் இவராக இருக்கலாம் என்று சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

தொட்டி இப்போது சமையலறை ஜன்னலில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கறிவேப்பிலை வழக்கம்போல் செத்துக்கொண்டிருக்கிறது. புல் மட்டும் தளதளவென்று நீண்டு ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. பெரியவர் எதை வைத்து வெட்டுவார் என்று கேட்க மறந்துவிட்டேன், போன் செய்தால் மகள் எடுத்து, தூங்குகிறார் என்கிறாள். நகவெட்டி சின்னது, கத்தரிக்கோல் போட்டால் வேரோடு வந்துவிடுமோ என்று பயம். உன் அப்பா மொட்டைமாடியில் அருகம்புல் வளர்ப்பாரே, கேட்டு உடனே எழுது.

உன்,
இளங்கோ