கண்மாய்க்கரை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

போன வாரம் என் ஆய்வுக்கு எடுத்த தண்ணீர் மாதிரிகள் வீணாகிப் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத மனமில்லை. கண்மாயில் ஆறு இடத்திலும் மறுபடி தண்ணீர் எடுத்தோம். பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) பார்க்க 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்த பாட்டில்களின் டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளப்பது) நேற்று ராத்திரிதான் முடிந்தது. எண்கள் கைக்கு வந்துவிட்டன.

வண்டியூர்க் கண்மாய்க்கரையில் மீன் விற்கும் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. மறுபடி எடுக்கப் போன அன்று எங்கள் பெட்டியில் ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. குளிரில் வைக்காவிட்டால் வழியிலேயே நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கிவிடும், எண் பொய்யாகக் குறைந்துவிடும். என் முகத்தைப் பார்த்து, "ஏத்தா, என்ன வேணும்?" என்றீர்கள். மீனை ஒருபக்கம் ஒதுக்கி, பாதி ஐஸை அள்ளிக் கொட்டி, மேலே ஈரச்சாக்கையும் போட்டு மூடினீர்கள். காசு நீட்டினேன். "ஐஸுக்கா காசு? போத்தா." அப்போது வெயில் ஏறியிருந்தது, உங்களிடம் விற்காத மீன் இன்னும் கிடந்தது.

தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கக் கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். பழுப்பாகத் திரண்டால் தண்ணீரில் மூச்சு இருக்கிறது, வெள்ளையாகத் திரண்டால் இல்லை என்றேன். கழிவுநீர் சேருமிடத்துப் பாட்டில் வெள்ளையாகத் திரண்டது. "அதான் விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதா!" என்றீர்கள்.

இதை என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேமிடம் சொன்னேன். "நோட்டுல எழுதினியா? தேதி போட்டு எழுது," என்றார். ராத்திரி முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால் விடியும் முன்தான் அது மிகக் குறைவு, பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் நாங்கள் அதுவரை காலை பத்து மணிக்கே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மேமே அஞ்சு மணிக்குத் தன் வண்டியில் கரைக்கு வந்து நின்றார். இளநிலை மாணவி ஒருத்தியின் ஆய்வுக்கு இவ்வளவு செய்யவேண்டிய கட்டாயம் அவருக்கில்லை.

சாவியோடு ராத்திரி எட்டரை வரை காத்திருந்த ஆய்வக அண்ணன், டைட்ரேஷனுக்குத் தயோசல்பேட் கரைசல் தந்த பக்கத்துத் துறை சார், பாட்டில் சுமந்த ஜூனியர் பிள்ளைகள், ஏன் எதற்கு என்று கேட்காமல் விடியக்காலையில் கொண்டுவந்து விட்ட அப்பா, எல்லோருக்கும் நன்றி.

அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் முதல் வரி அக்காவுக்குத்தான். மேம் சரி என்றுவிட்டார். விடியக்காலை அளவுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடியும் நேரத்துக்கு வந்து வாசித்துக் காட்டுகிறேன் அக்கா. உங்கள் ஈரச்சாக்கும் என்னிடம்தான் இருக்கிறது, அலசிக் காயவைத்துவிட்டேன்.